பாரதியின் தலைப்பாகை

 

எங்கள் குண்டடத்தை அடுத்த ஒரு பள்ளியில், ஆண்டு விழாவிற்காக மகாகவி பாரதியாரின் வாழ்க்கையை நாடகமாக நடத்த முடிவு செய்திருந்தனர். பாரதி வேடத்திற்குத் தேர்வானவன், மாலையில் எங்கள் மதரஸாவுக்கு ஓத வரும் பீகார்ச் சிறுவன். அவனுடைய தந்தை நூற்பாலைத் தொழிலாளி. "தமிழ்க் கவிஞராக நடிக்க ஒரு தமிழ்ப் பிள்ளை கூடவா கிடைக்கவில்லை?" என்று பெற்றோர் சிலர் முணுமுணுத்தனர். பள்ளி ஆசிரியர் என்னிடம் கருத்துக் கேட்டார். "அவனுக்கு வேறு சிறு வேடம் கொடுத்துவிடுங்களேன்" என்று நானும் சொல்லிவிட்டேன். அன்றிரவு அந்தச் சொல்லே என்னை உறுத்தியது.

இந்தக் கேள்வி புதியதன்று. 2000ஆம் ஆண்டு வெளிவந்த 'பாரதி' திரைப்படத்திற்கு இயக்குநர் ஞான ராஜசேகரன் தேர்ந்தெடுத்த நடிகர் யார் தெரியுமா? மராட்டிய நாடக மேடையில் வளர்ந்த சாயாஜி ஷிண்டே. அதற்கு முந்திய ஆண்டுதான் 'ஷூல்' என்னும் இந்திப் படத்தில் கொடிய அரசியல்வாதியாக வந்தவர் அவர். 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் செங்கோட்டைக்காரரான எஸ்.வி. சுப்பையாவைப் பாரதியாகக் கண்டு பழகிய தமிழ் மக்களுக்கு இது எத்தகைய வியப்பு! ஆயினும் அப்படம் சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. இன்றும் பாரதியை நினைத்தால் ஷிண்டேயின் முகம் மனத்தில் எழுவோர் நம்மிடையே பலர்.

ஓர் உண்மையை மறைக்க வேண்டியதில்லை. திரையில் ஒலித்த தமிழ்க் குரல் வேறொருவருடையது. ஆகவே மொழி ஒரு பொருட்டே அன்று எனக் கூறுவது பொய்யாகும். ஆனால் கண்களில் தெரிந்த சினமும், வறுமையிலும் குனியாத நடையும் இரவல் அல்ல. அவை அந்நடிகரின் உழைப்பு.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பாரதி என்றதும் நம் நினைவுக்கு வரும் தலைப்பாகையும் மீசையும் எட்டயபுரத்தில் வந்தவை அல்ல. 1898இல் தந்தையை இழந்து காசிக்குச் சென்ற இளைஞர், அங்கு வாழ்ந்த நாட்களில் ஏற்ற கோலம் அது. வடநாட்டிலிருந்து வந்த தலைப்பாகையை நாம் நம்முடையதாக்கிக் கொண்டோம். வடநாட்டிலிருந்து வந்த பிள்ளையின் தலையில் அதை வைக்கத் தயங்குகிறோம்!

பிறப்பைக் கேட்டு மனிதரை அளக்கும் வழக்கத்தை எதிர்த்ததால்தான் பாரதி தம் சொந்தச் சமூகத்தின் பகையைச் சம்பாதித்தார். ஆட்சியை எதிர்த்து எழுதியதால் 1908 முதல் பத்தாண்டுகள் புதுவையில் வாழ நேர்ந்தது. பின்னர் கடையத்தில் இருந்தபோது, அருகிலுள்ள பொட்டல்புதூரில் இஸ்லாத்தின் மேன்மையைப் பற்றி மேடையேறிப் பேசினார். 1921 ஜூலை இறுதியில் நம் ஈரோட்டுக் கருங்கல்பாளையத்திற்கு வந்து உரையாற்றினார். செப்டம்பரில் மறைந்தார். இத்தகையவரின் வேடத்திற்கு "நீ எந்த ஊர்?" என்பதா முதற்கேள்வி?

மறுநாள் பள்ளிக்குச் சென்று என் சொல்லைத் திரும்பப் பெற்றேன். பையனுக்கு இரவல் குரல் கிடையாது; அவனே பேசியாக வேண்டும். எனவே ஒவ்வொரு நாளும் ஓதி முடித்தபின் அரை மணி நேரம் அவனுக்கு 'ழ'கரம் பழக்கினேன். விழாவன்று ஓரிடத்தில் அவன் நா தடுமாறியது. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டான், நிமிர்ந்தான், அதே வரியை மீண்டும் திருத்தமாகச் சொன்னான். முணுமுணுத்தவர்களும் கைதட்டினர்.

வாசகர்களே! நம் பகுதியின் ஆலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் வேலை செய்ய எத்தனையோ ஊர்களிலிருந்து மக்கள் வருகின்றனர். அவர்கள் வாடகைக்கு வீடு கேட்டு உங்கள் வாசலில் நிற்கும்போதும், அவர்களுடைய பிள்ளை உங்கள் பிள்ளையின் பக்கத்தில் அமரும்போதும், ஊரைக் கேட்குமுன் உழைப்பைப் பாருங்கள். நான் ஒருமுறை தவறினேன். நீங்கள் தவற வேண்டாம்.