காலுக்கேற்ற பெடல்



அமெரிக்காவின் கன்ட்ரி இசையில் பெடல் ஸ்டீல் கிடார் என்றொரு கருவி. உட்கார்ந்து, இடது காலால் பெடலை மிதித்து வாசிப்பார்கள். பட்டி எம்மன்ஸ் இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று பெடல்களை வைத்தார். ஜிம்மி டே தலைகீழாக சி, பி, ஏ என்று வைத்துக்கொண்டார். இருவருமே மேதைகள். இன்றும் அவரவர் கணுக்காலுக்கு எது சுகமோ அதையே வைத்துக்கொள்கிறார்கள். உயரம் ஒத்துவரவில்லையா, பெடல் கம்பியைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்கிறார்கள். அதனால் இசை கெட்டுவிடவில்லை. வலியைப் பொறுத்துக்கொள்வது பயிற்சி ஆகாது.

வகுப்பில் நின்றபோது எனக்கு இது புரியவில்லை. இடது கையால் எழுதிய பிள்ளைகளை "கையை மாத்து" என்று அதட்டியிருக்கிறேன். அவர்களில் யாராவது இதைப் படித்தால் இந்த வாத்தியாரை மன்னித்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அதைச் செய்யாதீர்கள்.