ரூபாய் போன வழி

நாணயம் சேர்க்கத் தொடங்குகிறவர்களின் முதல் ஆசை, எல்லா நாட்டிலும் ஒன்று. ஆறு மாதத்தில் டப்பா நிறைந்துவிடும்; ஆனால் அதைக் காட்டிச் சொல்ல ஒரு கதை இருக்காது. காசு குறைவாக இருப்பவர், நாட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் வைத்துக்கொள்வது நல்லது.

நமக்கு எளிதான காரணம் ரூபாய். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம், மொரீஷியஸ், செஷல்ஸ் ஆகிய நாடுகளில் பணத்தின் பெயர் இன்றும் அதுதான். இவற்றின் புழக்க நாணயங்களுக்குப் பெரிய செலவில்லை.

அடுத்து, பழசுக்குப் போகலாம். இந்திய வணிகர்கள் போன இடமெல்லாம் ரூபாயும் போனது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மானியர்கள் 1890 முதல் வெளியிட்டதும் ரூபாயே. ஒரு ரூபாய்க்கு 64 பெசா; நம் 64 காலணாவின் அதே கணக்கு. 1904-ல் அவர்கள் அதை 100 ஹெல்லராக்கினார்கள். நாம் தசமத்துக்கு வந்ததோ 1957-ல். இத்தாலியர்கள் சோமாலியாவிலும், போர்ச்சுகீசியர்கள் கோவாவிலும் 'ரூபியா' வெளியிட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை. 1916-ல், போர் முற்றுகையின்போது, டபோரா நகரின் ரயில்வே பட்டறையில் ஜெர்மானியர்கள் யானை பொறித்த 15 ரூபாய்த் தங்க நாணயம் அடித்தார்கள். புகழ் அதிகம், விலை அதிகம், போலியும் உண்டு. அதை விடுங்கள், செம்பு ஹெல்லரில் தொடங்குங்கள்.

வெளிநாட்டு நண்பருடன் மாற்றிக்கொள்பவர்கள் கவனிக்க: நூறு வயதான நாணயம் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை நீங்களாக வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.