தட்டி வைத்தால் கூடம் பெரிதாகாது

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளை இருந்தால் கடைசி வரை படியுங்கள்.

என் தங்கை பேத்தி மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. கல்லூரியில் சிமுலேஷன் மென்பொருளை ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் வைத்து பென்டிரைவில் கொடுத்து, "வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். லேப்பை நாலு மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். இவளிடம் இருப்பது 8 ஜிபி லேப்டாப், அம்மாவின் கம்மலை அடகு வைத்து வாங்கியது. கணக்கு பாதியில் நின்றுபோகிறது. கேட்டால், "32 ஜிபி லேப்டாப் வாங்கு" என்று பதில். இதைத்தான் எதிர்க்கிறேன்.

விர்ச்சுவல் மெஷின் என்பது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதுபோல் செய்யும் ஏற்பாடு. ஒரே கூடத்தில் தட்டி வைத்து மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் நான் நடத்தியது என் பழைய மாணவர்களுக்கு நினைவிருக்கும். தட்டி வைத்ததால் கூடம் பெரிதாகிவிட்டதா? 8 ஜிபியில் 4 ஜிபியை உள்ளே கொடுத்தால், அதிலும் ஒரு பங்கை உள்ளே இருக்கும் விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில்தான் கணக்கு.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய பிராசஸர்களில் இதற்கென்றே வசதி இருப்பதால் கணக்கிடும் வேகம் பெரிதாகக் குறையாது. உதைப்பது நினைவகமும் கிராபிக்ஸும்தான். இந்த மென்பொருள் ஒரு பொருளைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் எத்தனை மடங்கு? 2 × 2 × 2 = 8. நினைவகத் தேவையும் அப்படியே ஏறும். இடம் பத்தாவிட்டால் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும், ராத்திரி முழுக்க ஓடும். இல்லையென்றால் நின்றுவிடும்.

பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கட்டத்தைப் பெரிதாக்கிவிடுவார்கள். சிவப்பும் நீலமுமாக அழகான படம் வரும். ரெக்கார்டு நோட்டில் ஒட்டினால் கையெழுத்தும் கிடைக்கும். விடை மட்டும் தப்பாக இருக்கும். அகலமான தகட்டில் சின்ன வட்டத் துளை போட்டு இழுத்தால், துளையின் ஓரத்தில் தகைவு, அதாவது ஸ்ட்ரெஸ், மூன்று மடங்காகும் என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898-லேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். கட்டம் பெரிதாக இருந்தால் கணினி பெரும்பாலும் அதைக் குறைத்தே காட்டும். நாளைக்கு இந்தப் பிள்ளைகள்தான் பஸ் அச்சுக்கும் கிரேன் கொக்கிக்கும் கணக்குப் போடப் போகிறார்கள். அங்கே தப்பு விடைக்கு மார்க் குறையாது, ஆள் போய்விடும்.

"பெரிய கம்பெனிகளே விர்ச்சுவல் மெஷினில்தான் ஓட்டுகின்றன சார்" என்றான் என் மாணவன் ஒருவன். உண்மைதான் தம்பி. அவர்கள் தட்டி வைப்பது கல்யாண மண்டபத்தில். நூற்றுக்கணக்கான ஜிபி நினைவகத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள். இவள் தட்டி வைப்பது திண்ணையில்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்றுதான் இப்படிக் கொடுத்தோம்" என்பது கல்லூரியின் சமாதானம். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும் இடம் லேப். அதை ராத்திரி எட்டு மணி வரை திறந்து வையுங்கள். வீட்டில் செய்யத்தான் வேண்டும் என்றால் தட்டியை எடுத்துவிட்டு நேரடியாக நிறுவச் சொல்லுங்கள். ஆன்சிஸின் மாணவர் பதிப்பு இலவசம். கணக்கின் அளவுக்கு வரம்பு உண்டு, பாடத்துக்கு அது போதும். ஃப்ரீகேட், ஓப்பன்ஃபோம், சைலாப் எல்லாம் காசில்லாமல் கிடைப்பவை. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழிலும் பாடங்கள் இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் முன்னால், கணக்கைச் சின்னதாக்கக் கற்றுக்கொடுங்கள். அந்தத் துளைத் தகட்டில் கால் பாகத்தை மட்டும் கணக்கிட்டால் போதும், மற்ற மூன்று பாகமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் அதேதான். சுமை நாலில் ஒன்றாகிவிடும். இதைச் சொல்லித்தர 32 ஜிபி வேண்டாம், ஒரு கரும்பலகை போதும்.

இன்ஜினியரிங் கல்லூரிகளில் பாடம் எடுக்கும் என் மாணவர்களே, இது உங்களுக்குத்தான். நாளைக்கே உங்கள் துறைத்தலைவரிடம் லேப் நேரத்தைப் பற்றிப் பேசுங்கள். பெற்றோரே, அடுத்த நகையை அடகு வைக்கும் முன் லேப் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்று கேளுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். திட்டுவதென்றாலும் திட்டுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் வழக்கம்போல் திருத்துவேன்.