புகைக்கு ஒரு வழி

எரிவாயுவுக்கு மாறிய இல்லம் மீண்டும் விறகைத் தேடாது என்று பலர் எண்ணியிருந்தனர். அது பிழையென்பதை 2022ஆம் ஆண்டு இலங்கையருக்கு உணர்த்திற்று. 2021 ஒக்டோபர்த் தொடக்கத்தில் 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர், 2022 ஏப்பிரலில் 4,860 ரூபாவாயிற்று. அவ்விலைக்கும் அது கிடைப்பது அரிதாயிற்று. மண்ணெண்ணெயோ அவ்வாண்டு ஆகஸ்டில் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. நகரத்து வீடுகளிலும் விறகு புகைந்தது.

விறகைப் பழிப்பது நமது நோக்கமன்று; தீங்கு புகையிலேயே உள்ளது. அடுப்புப் புகை முதலியவற்றால் வீட்டினுள் மாசடையும் காற்று, 2020இல் உலகெங்கும் ஏறக்குறைய 32 இலட்சம் உயிர்களைக் கொண்டதென உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அடுப்பருகே நிற்கும் தாயும் அவள் இடுப்பிலிருக்கும் குழந்தையுமே அப்புகையை மிகுதியாகச் சுவாசிக்கின்றனர்.

இந்தியாவில் 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம், வறிய இல்லத்துப் பெண்களின் பெயரில் எரிவாயு இணைப்பு வழங்கிற்று. ஆயினும் அடுத்த சிலிண்டருக்குப் பணமில்லாத வீடுகளில் பழைய அடுப்பு அணையவில்லை. அடுப்பைக் கொடுத்தால் மட்டும் போதாது. எரிபொருளின் விலையும் ஏழைக்கு எட்ட வேண்டும். இது அரசினர் கடமை.

இல்லத்தார் செய்யத்தக்கனவும் உள. விறகை நன்கு உலர்த்தி எரித்தல் வேண்டும். ஒரே தீயில் இரு பாத்திரங்களைச் சூடாக்கும் ‘அனகி’ மண்ணடுப்பு விறகைச் சிக்கனப்படுத்தும். ஆனால் அதற்குப் புகைபோக்கி இல்லை. ஆதலால் குசினிக் கூரையருகே புகை வெளியேற வழி வேண்டும். எரிவாயு வந்துவிட்டதென்று அவ்வழியை அடைத்துவிடாதீர்கள். விறகு மீண்டும் வீடு வரக்கூடும்.