எலப்புள்ளி ஆலை: பாலக்காடு ஏன் தண்ணீர்க் கணக்கு கேட்கிறது?

கோவையிலிருந்து வாளையார் தாண்டினால் பாலக்காடு மாவட்டம். அங்கே எலப்புள்ளியில் எத்தனால், பீர், மதுபானம் தயாரிக்கும் ஆலைக்கு, 2025 ஜனவரியில் கேரள அமைச்சரவை முதற்கட்ட அனுமதி கொடுத்தது. நிறுவனம் ஒயாசிஸ் கமர்ஷியல். முதலீடு 600 கோடி ரூபாய். எதிர்ப்பு உடனே கிளம்பியது. மதுவைவிட தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் பேசினாங்க.

காரணம், அதே மாவட்டத்தின் பிளாச்சிமடா. 2000-இல் கோகோ கோலா ஆலை வந்தபிறகு கிணறுகள் வற்றின, மிச்சத் தண்ணீரும் கெட்டுப்போனது என்று ஆதிவாசி மக்கள் 2002-இல் போராட்டத்தில் இறங்கினர். நிறுவனம் மறுத்தது. பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

2005-இல் கேரள உயர் நீதிமன்றம் தினமும் 5 லட்சம் லிட்டர் நிலத்தடி நீர் எடுக்க அனுமதித்தது. ஜல் ஜீவன் கணக்கில் கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். வகுத்துப் பாருங்க: சுமார் 9,000 பேரின் தண்ணீர். அதுவும் மழை குறைவான சித்தூர் பகுதியில்! பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு ஆண்டுக்கு விடவேண்டிய 7.25 டிஎம்சி-க்காகக் காத்திருக்கும் ஊர்கள் அவை.

இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று 2010-இல் மதிப்பிட்டது உயர்மட்டக் குழு. இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதா 2011-இல் பேரவையில் நிறைவேறியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

எலப்புள்ளியில் நிலத்தடி நீரைத் தொடமாட்டோம், மழைநீரும் மலம்புழா அணை நீரும் போதும் என்றது அரசுத் தரப்பு. பாலக்காட்டின் குடிநீரும் வயல்களின் பாசனமும் அதே அணையை நம்பித்தானே இருக்கு? ஏப்ரலில் அணை இறங்கினால் முதலில் யாருடைய குழாயை மூடுவீங்க என்பதை அனுமதி ஆணையிலேயே எழுதணும்.