சுடச் சொன்னது துணை தாசில்தாராம்! ஐ.ஜி., எஸ்.பி., கலெக்டர் எல்லாம் எங்கே போனாங்க?

தூத்துக்குடி:

தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு நடந்து வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனால் "சுடச் சொன்னது யாரு?" என்ற கேள்வி மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. டீக்கடையில் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது.

2018-ம் ஆண்டு மே 22-ந்தேதி. ஸ்டெர்லைட் ஆலையை மூடக்கோரி நடந்த போராட்டத்தின் 100-வது நாள். கலெக்டர் ஆபீசை முற்றுகையிட ஆயிரக்கணக்கான மக்கள் ஊர்வலமாகப் போனார்கள். கலெக்டர் ஆபீசில் வெடித்த துப்பாக்கி மூன்றாவது மைல், திரேஸ்புரம் என்று பல இடங்களிலும் வெடித்தது. மறுநாள் அண்ணாநகரிலும் சூடு. மொத்தம் 13 பேர் பலி. அதில் 17 வயதுப் பெண்ணும் உண்டு. மஞ்சள் பனியன் போட்ட போலீஸ்காரர் வேன் மேல் ஏறி நின்று குறிபார்த்த காட்சியை நாடே டி.வி.யில் பார்த்தது.

சில நாளில் எப்.ஐ.ஆர். விவரம் வெளியானது. அதைப் பார்த்துத்தான் ஊரே அதிர்ந்தது. சுட உத்தரவு கொடுத்தது துணை தாசில்தார்கள் என்று எழுதியிருந்தார்கள். அதில் ஒருவர் தேர்தல் பிரிவு துணை தாசில்தார். வாக்காளர் பட்டியல் வேலை பார்க்கிறவர்!

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. கூட்டத்தைக் கலைக்க எக்சிகியூட்டிவ் மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். வருவாய்த்துறை அதிகாரிகளுக்கு அந்த அதிகாரத்தை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் உயர் போலீஸ் அதிகாரிகள் பெரும் படையோடு களத்தில் நிற்கும்போது, ஒரு துணை தாசில்தார் சொல்லித்தான் துப்பாக்கி வெடித்தது என்றால் யாருங்க நம்புவாங்க?

போலீஸ் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. கல்வீச்சு நடந்தது. வாகனங்கள் எரிந்தன. கூட்டத்தை அடக்க முடியாமல் வேறு வழியின்றி சுட்டோம் என்றார்கள். இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் விசாரணை நடத்திய ஓய்வுபெற்ற ஐகோர்ட்டு நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் அதை ஏற்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 2022 மே மாதம் இறுதி அறிக்கை கொடுத்தது. ஆத்திரமூட்டல் எதுவும் இல்லாமல் சுட்டிருக்கிறார்கள் என்றது. கலெக்டர் ஆபீஸ் பூங்காவில் மறைந்து நின்று, தூரத்தில் இருந்தவர்களைக் குறிவைத்தார்கள் என்றது. தப்பி ஓடியவர்கள் மேல் பின்பக்கமாகக் குண்டு பாய்ந்திருக்கிறது என்றது. ஒரே போலீஸ்காரர் மட்டும் 17 ரவுண்டு சுட்டிருக்கிறார்! முதலில் எச்சரிக்கை, பிறகு கண்ணீர்ப்புகை, தடியடி, கடைசியில்தான் துப்பாக்கி, அதுவும் இடுப்புக்குக் கீழே என்று போலீசுக்கு விதி இருக்கிறது. விதி இருந்து என்ன?

கமிஷன் சின்ன ஆளோடு நிறுத்தவில்லை. தென்மண்டல ஐ.ஜி., நெல்லை சரக டி.ஐ.ஜி., மாவட்ட எஸ்.பி. உள்பட 17 போலீசார் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அன்றைக்குக் கோவில்பட்டியில் இருந்த கலெக்டரையும் விடவில்லை. மூன்று வருவாய்த்துறை அதிகாரிகள் பெயரும் இருந்தது. சம்பவத்தை டி.வி. பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாக அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சொன்னாரே, அது உண்மைக்கு மாறானது என்றும் எழுதியது. அவருக்கு உடனுக்குடன் தகவல் போய்க்கொண்டுதான் இருந்ததாம்.

2022 அக்டோபரில் அறிக்கை சட்டசபைக்கு வந்தது. மக்கள் எதிர்பார்ப்போடு காத்திருந்தார்கள். அந்தச் சூட்டோடு சஸ்பெண்ட் ஆனது யார் தெரியுமா? 4 பேர். சம்பவத்தின்போது இன்ஸ்பெக்டராக இருந்த ஒரு டி.எஸ்.பி.யும், மூன்று போலீஸ்காரர்களும். அந்த நாலு பேரில் ஐ.ஜி. கிடையாது, டி.ஐ.ஜி. கிடையாது, எஸ்.பி.யும் கிடையாது.

கமிஷன் அறிக்கை என்பது சிபாரிசுதான். கோர்ட்டு தீர்ப்பு இல்லை. அரசு நினைத்தால் எடுக்கலாம், நினைத்தால் வைக்கலாம். சரி, கோர்ட்டுக்குப் போகலாமே என்றால் அங்கேயும் ஒரு பூட்டு இருக்கிறது. கூட்டத்தைக் கலைக்கச் சுட்ட போலீசார் மீது வழக்கு நடத்த அரசின் அனுமதி வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 132-வது பிரிவு. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் 151-வது பிரிவு. நம்பர் மாறிச்சு, பூட்டு மாறல.

நல்லெண்ணத்தோடு கடமை செய்த போலீஸ்காரரைக் காப்பாற்றத்தான் அந்தப் பிரிவு. அதை யாரும் தப்பு சொல்லவில்லை. ஆனால் நல்லெண்ணமா இல்லையா என்று விசாரிக்கவே அதே அரசிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. யாரிடம் இருந்து உத்தரவு வந்திருக்கும் என்று மக்கள் சந்தேகப்படுகிறார்களோ, சாவியும் அவர்கள் கையிலேயே!

சி.பி.ஐ. வந்தால் உண்மை வெளிவரும் என்று நம்பினார்கள். ஐகோர்ட்டு மதுரை கிளை 2018 ஆகஸ்டில் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. போராட்டக்காரர்கள் பக்கம் ஏகப்பட்ட பேர் மீது குற்றப்பத்திரிகை. போலீஸ் பக்கம் ஒரே ஒரு இன்ஸ்பெக்டர்! தானாக முன்வந்து விசாரித்த தேசிய மனித உரிமை ஆணையமோ 2018-லேயே பைலை மூடிவிட்டது. அதை மறுபடி திறக்கக் கோரிய வழக்கில், 2024-ல் சென்னை ஐகோர்ட்டு நீதிபதிகள் சி.பி.ஐ. விசாரணை நடந்த விதத்தைக் கடுமையாக விமர்சித்தார்கள்.

பலியானவர்களின் குடும்பங்களுக்கு அரசு தலா ரூ.20 லட்சம் கொடுத்தது. அரசு வேலையும் கொடுத்தது. உத்தரவு போட்டவர் பெயரைத்தான் இன்னும் கொடுக்கவில்லை.