பழகிப் பார்க்கும் காலத்தைப் பறிக்காதீர்!

உழைக்கும் தமிழ்ப் பெருமக்களே!

பொங்கல் விழா மேடையில் நாமெல்லாரும் ஒரு தாய் மக்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால், மாநகராட்சி அலுவலகத்தின் முன் நாமெல்லாரும் ஒரே இனம். ஆனால் நம் வீட்டுப் பெண் தான் விரும்பும் ஒருவனின் பெயரைச் சொன்னதும் எழும் முதல் கேள்வி என்ன? "குணம் எப்படி?" என்பதா? "என்ன வேலை?" என்பதா? இல்லை. "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்பதே. அந்தத் தெருவின் பெயருக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியும்; பதில் சொல்பவருக்கும் தெரியும்.

தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப், சயான் கோலிவாடா என்று மும்பையில் தமிழர் வாழும் இடமெங்கும் நடப்பதைத்தான் சொல்கிறோம். பெண்ணுக்கு வயது 25. தந்தை விடியற்காலையில் எழுந்து இட்லி அவித்து, தெருத்தெருவாக விற்று, மெல்ல மெல்ல மாடி வீடும் ஊரில் கொஞ்சம் நிலமும் சேர்த்தவர். இளைஞனுக்கு வயது 27. தந்தை துப்புரவுத் தொழிலாளி. ஓய்வு பெறும்வரை குப்பை வண்டியோடு நடந்தவர். பிள்ளைகள் இருவரும் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, ஒரே லோக்கல் வண்டியில் வேலைக்குப் போகிறவர்கள். சில மாதங்களாக ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். திருமணம் என்று இன்னும் முடிவுகூடச் செய்யவில்லை. ஒத்துவருமா என்று பழகிப் பார்க்கிறார்கள். ஆளும் தொழிலும் மாறலாம். இது ஒரு வீட்டுக் கதையன்று, பல வீட்டுக் கதை.

வீட்டுக்குத் தெரிந்ததும் என்ன நடக்கிறது? கைப்பேசி பறிபோகிறது. வேலை நின்றுபோகிறது. "ஆச்சிக்கு உடம்பு சரியில்ல", "கோயில் கொடைக்குப் போயிட்டு வந்திருவோம்" என்று சொல்லி, பெண்ணை நாகர்கோவில் வண்டியில் ஏற்றுகிறார்கள். ஊரில் போய் இறங்கினால் ஆச்சி நலமாகத்தான் இருக்கிறாள். மாப்பிள்ளைதான் தயாராக நிற்கிறான்! மும்பையில் பத்துப் பேருக்கு நடுவே நிமிர்ந்து வேலை பார்த்த பெண், ஊரில் ஒரு வாரத்துக்குள் தாலியோடு நிற்கிறாள். அல்லது இதற்கு அஞ்சியே இருவரும் ஓடிப் போகிறார்கள்.

இங்கேதான் நாம் ஒன்றை உரக்கக் கேட்கிறோம். "காதல் கல்யாணம் நிலைக்காது" என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் பெரியவர்களே, அந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள நீங்கள் எத்தனை நாள் விட்டீர்கள்? ஓராண்டு பழகிப் பார்த்து, "நமக்குள் சரிவராது" என்று நல்லபடியாகப் பிரிந்திருக்கக்கூடியவர்களையும் ஒரே இரவில் ஓட வைத்தது யார்? நிதானமாக முடிவெடுக்க வேண்டியவர்களை அச்சத்தில் முடிவெடுக்க வைத்துவிட்டு, அந்த முடிவு தவறிப்போனால் காதலின் மேல் பழி போடுவது என்ன நியாயம்? கத்தரிக்காய் வாங்கினாலும் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற நாம், வாழ்நாள் துணையைப் பார்க்க மட்டும் ஒரு நாள் மாலையும் ஒரு தட்டு பஜ்ஜியும் போதும் என்கிறோமே!

"நாங்கள் சாதி பார்க்கவில்லை, வசதிதான் பார்க்கிறோம்" என்பார் சிலர். அப்படியானால், அதே சாதியில் வேலைவெட்டி இல்லாதவனுக்கு நகையும் ரொக்கமும் கொட்டிக் கொடுத்துப் பெண்ணைத் தள்ளிவிடும்போது அந்த வசதிக் கணக்கு எங்கே போயிற்று?

"ஊர்ல தலைகாட்ட முடியாது" என்பார் வேறு சிலர். எந்த ஊர்? பிழைக்க வழியில்லை என்று நம் பாட்டன் மூட்டை கட்டியபோது, அந்த ஊர் அவனை நிறுத்திச் சோறு போட்டதா? தோல் பதனிடும் தொட்டியில் நம்மவர் நின்றபோது, அந்த ஊர் வந்து பார்த்ததா? பிழைப்புக்கு உதவாத ஊர், நம் பிள்ளையின் கழுத்தை நெரிக்க மட்டும் உரிமை கேட்பதா?

1966இல் சிவசேனை தோன்றிய காலத்தில், "மதராசி" என்று நம்மைக் கைகாட்டி விரட்டினார்கள். உடுத்திய லுங்கிகூடக் கேலிக்கு ஆளானது. "உழைப்பைப் பார், பிறந்த இடத்தைப் பார்க்காதே" என்று அன்று நாம் நியாயம் கேட்டோம். அதே நியாயத்தை இன்று துப்புரவுத் தொழிலாளியின் மகன் நம் வாசலில் நின்று கேட்டால், கதவைச் சாத்துவோமா?

இந்த வெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். 2012 நவம்பரில் ஒரு காதல் திருமணத்தைச் சாக்காக வைத்து, தருமபுரி மாவட்டம் நத்தம் முதலிய குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கி எரிக்கப்பட்டன. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், நடுத்தெருவில், மனைவியின் கண்ணெதிரே ஓர் இளைஞன் வெட்டிக் கொல்லப்பட்டான். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஓர் இளம் மென்பொருள் பொறியாளர் கொல்லப்பட்டார். அவர் பழகிவந்த பெண்ணின் சகோதரன் கைதானார். அங்கே திருமணம்கூட நடக்கவில்லை, தோழர்களே! பழகியதற்கே இந்தப் பழி! அதன்பின், 2025 அக்டோபரில், இத்தகைய கொலைகளைத் தடுக்கும் சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் தமிழக அரசு ஆணையம் அறிவித்தது. நெல்லைச் சீமை நம்மில் பெரும்பாலோரின் தாய்மண். அந்த அரிவாளின் நிழல் தாராவிச் சந்துக்குள் நுழையாது என்று யார் உறுதி சொல்ல முடியும்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நம் மக்கள் அறிய வேண்டும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்துவிட்டால் திருமணத்துக்குப் பெற்றோர் சம்மதம் தேவையில்லை. இருவரும் இந்துக்களாயின், சாதி வேறாக இருப்பது 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் தடையே அன்று. மதமே வேறானாலும் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதன்படி முன்னறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பு அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். காதலர்களைக் காட்டிக்கொடுக்கும் ஓட்டை இதுதான். ஆனால் ஒன்றை மறவாதீர்: "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பது அங்கே ஆட்சேபணை ஆகாது. ஏற்கெனவே துணை உயிரோடு இருப்பது, வயது நிறையாமை, மனநிலை, தடுக்கப்பட்ட உறவுமுறை ஆகிய இவைதாம் ஆட்சேபணைகள்.

வயது வந்த இருவர் விரும்பி மணந்தால் அவர்களை மிரட்டுவோர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2006இல் லதா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அத்தகைய திருமணத்தைத் தடுக்கக் கூட்டம் கூடுவதே சட்டவிரோதம் என்றும், அச்சுறுத்தப்படும் இணையருக்குக் காவல்துறை பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்றும் 2018இல் சக்தி வாகினி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே, நான்கு பெரியவர்கள் கூடி "இதை முடித்துவிடுவோம்" என்று பேசுவது பஞ்சாயத்தன்று, குற்றம்!

"குடும்ப விவகாரத்தில் சங்கம் ஏன் தலையிட வேண்டும்?" என்று கேட்பார்கள். சீர்வரிசைத் தகராறில் தலையிடவில்லையா? இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்ப ஓடி ஓடி நிதி திரட்டவில்லையா? சாவுக்கு வரும் சங்கம் வாழ்வுக்கு வராதா? சாதி ஒழியக் கலப்பு மணமே உண்மையான மருந்து என்று 1936இலேயே அண்ணல் அம்பேத்கர் எழுதினார். சுயமரியாதைத் திருமணத்தைப் பரப்பியவர் தந்தை பெரியார். அதற்கு 1967இல் சட்டம் கொண்டுவந்தது அண்ணாவின் ஆட்சி. இந்த மூவரின் படங்களையும் சுவரில் மாட்டிவிட்டு, அந்தச் சுவருக்குள்ளேயே "எந்தத் தெரு?" என்று கேட்பது கேலிக்கூத்தன்றோ!

ஆகவே, தமிழ்ச் சங்கங்கள் அனைத்தையும் கேட்கிறோம். மிரட்டப்படும் பிள்ளைகள் தயங்காமல் வந்து சொல்ல, பெண்களும் இருக்கும் ஒரு குழு அமையுங்கள். வேலை பார்க்கும் பெண் திடீரென்று ஊருக்குக் கொண்டுபோகப்பட்டதாகத் தெரிந்தால், "விருப்பத்தோடுதான் போனாயா?" என்று அவளிடமே கேட்டறியுங்கள். சிறப்புச் சட்டத்தின்படி மணப்போருக்கு மூன்று சாட்சிகள் வேண்டும். அந்த மூவராகச் சங்க நிர்வாகிகளே போய் நில்லுங்கள்.

தாய்மாரே, தந்தைமாரே! பிள்ளையின் விருப்பத்துக்கு இன்றே தலையாட்டுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அந்தப் பையனை வீட்டுக்கு அழையுங்கள். உட்கார வைத்துக் காபி கொடுங்கள். கேட்க வேண்டியதைக் கேளுங்கள். அவன் குடிப்பவனா, பொறுப்புள்ளவனா, பெண்ணை மதிப்பவனா என்று பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் காரணத்தை மகளிடமே சொல்லுங்கள். அவள் கேட்பாள், கேட்காமலும் போவாள். வாழப் போகிறவள் அவள். முடிவு அவளுடையது.